விளக்கு இறக்குகிறவள்

கிணற்றில் இறங்குகிறவனுக்கு முன்னால் அவன் வீட்டு ஆள்தான் விளக்கை இறக்க வேண்டும் என்பது அந்தத் தெருவின் வழக்கம். அந்தக் கயிற்றைக் கூலியாளிடமோ கூட நிற்கும் சினேகிதனிடமோ கொடுப்பதில்லை. அடுத்தவர் கண் ஒரு நொடி காகத்தைப் பார்க்கும், வேலியைப் பார்க்கும். இறங்கியவன் திரும்பாவிட்டால் எந்த வீடு நிலைகுலையுமோ அந்த வீட்டுக் கண் மட்டுமே சுடரைவிட்டு நகராது. சுடர் சுருங்கினால் கீழே கெட்ட காற்று தேங்கியிருக்கிறது. அணைந்தால் அது ஆளைக் கொல்லும். நிமிர்ந்து நின்றால் இறங்கலாம். இதைத் தவிர வேறு சோதனை அவர்களிடம் இருக்கவில்லை. வேறொன்று தேவைப்படக்கூடும் என்ற எண்ணமும் இருக்கவில்லை.

பூந்தமல்லிக்கும் திருமழிசைக்கும் நடுவே, நெடுஞ்சாலையைவிட்டு உள்ளே தள்ளியிருந்த புளியங்கொல்லையில், எழுபத்தைந்தாம் ஆண்டுக் கோடை முழுவதும் சுசீலா அந்தக் கயிற்றைப் பிடித்தாள். அவள் கணவன் வேம்புலி ஊர்ப் பொதுக்கிணற்றின் பம்பு ஆள். பண்ணை நிலங்கள் மனைகளாகப் பிரிந்து விற்றுப்போன பின் அந்தப் பாசனக் கிணறு ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. கழனி வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள் இப்போது அம்பத்தூர்ப் பட்டறைகளுக்குச் சைக்கிளில் போனார்கள். அவர்கள் வீட்டுப் பானைகளுக்கு நீர் தருவது ஒன்றே கிணற்றின் வேலையாக மிஞ்சியிருந்தது.

முந்தின ஆண்டின் ஐப்பசி மழை பொய்த்திருந்தது. மின்வெட்டினால் மோட்டாரை நம்ப முடியாமல், மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் ஒன்றை ஊர்ச்செலவில் வாங்கிப் பம்போடு பூட்டினார்கள். பம்பு ஓர் ஆழத்துக்குக் கீழே இருக்கும் நீரை உறிஞ்சாது. ஆகவே நீர் இறங்க இறங்க எஞ்சினும் பம்பும் இறங்க வேண்டியிருந்தது. மாசி மாதத்தில் கிணற்றின் குறுக்கே இரும்பு உத்தரங்களைச் செருகி, அவற்றின் மேல் பலகை பரப்பி, எஞ்சினை உள்ளே இறக்கினார்கள். சித்திரையில் உத்தரங்களைப் பிடுங்கி இன்னும் ஆழத்தில் செருகினார்கள். முதல்முறை இறக்கியபோது கிணற்று வாய்வரை எட்டிய புகைக்குழாய் இரண்டாம் முறை பாதிவழியிலேயே நின்றுவிட்டது. நீட்டிப்பதற்குக் குழாய் வரும் என்று வார்டு மெம்பர் கோவிந்தராஜ் சொல்லியிருந்தார். வரவில்லை.

சுவரில் நீட்டிக்கொண்டிருந்த படிக்கற்களைப் பற்றி இறங்கி, பலகையில் நின்று, சக்கரத்தில் கயிறு சுற்றி இழுத்து எஞ்சினைக் கிளப்பிவிட்டு மேலே வந்துவிட வேண்டும். நிறுத்துவதற்கு மேலிருந்தே இழுக்கும் கம்பி ஒன்று இருந்தது. வேம்புலி உள்ளே இருக்கும் நேரம் சொற்பம்தான். ஆனால் அந்தச் சொற்ப நேரம் முழுவதும் சுசீலா விளிம்பைவிட்டு நகரமாட்டாள். விளக்கின் வட்டமான ஒளியில் அவன் தலையும் தோளும் மட்டும் தெரியும். மற்றதெல்லாம் கிணற்றின் இருட்டு. எஞ்சின் இரைந்ததும், அவன் படியேறி வந்து விளிம்பில் கைவைத்ததும், அவள் அந்தக் கையைத்தான் முதலில் பார்ப்பாள்.

குடங்களோடு வரிசையில் நிற்கும் பெண்கள் இதைக் கண்டு கேலி செய்வார்கள்.

“இன்னா வேம்புலி, பொயுது விடிஞ்சா உள்ள பூந்துக்கினு கீறியே, கெணத்துக்குள்ள ஊடு கட்டிக்கினியா?”

“ஆமா. தண்ணிக்கு வரிசைல நிக்கத் தேவல பாரு,” என்பான் அவன்.

சுசீலா சிரிக்கமாட்டாள். அவள் விளக்கைத் தூக்கிக்கொண்டிருப்பாள்.

காலையில் ஒருமுறை மட்டும் நீர் இறைப்பது என்பதே அதுவரை இருந்த கட்டுப்பாடு. வீட்டுக்கு இத்தனை குடம் என்று அளந்து விட்டபின் கிணறு மறுநாள்வரை ஓய்ந்திருக்கும். ஊற்று மெல்லச் சுரந்து பழைய மட்டத்துக்கு வரும். வேம்புலி அந்த ஓய்வை விட்டுக்கொடுக்காதவன். ஊற்று தளரும் அளவுக்கு இறைத்தால் அடிமணல் சரிந்து ஊற்றுக்கண் அடைந்துவிடும் என்று அவன் அஞ்சினான். ஆனால் வைகாசி பிறந்ததும் மேலண்டைத் தெருவின் கைப்பம்பு காற்றை மட்டும் கக்கத் தொடங்கியது. அந்தத் தெருவும் இந்த வரிசைக்கு வந்து சேர்ந்தது. ஒருநாள் வரிசையில் நடந்த சண்டையில் ஒரு பெண்ணின் மண்டை உடைந்தது.

கோவிந்தராஜ் கெட்டவர் அல்லர். இரு தெருவும் அவருக்கு ஓட்டுப் போட்டவை. இரு தெருவுக்கும் அவர் பயந்தார். காலையில் இறைத்தபின் நண்பகல்வரை ஊறவிட்டு, ஊறியதை மறுபடி இறைத்து மேலண்டைத் தெருவுக்குக் கொடுப்பது என்று அவர் முடிவு செய்தார். ஆனால் காலைக்கும் நண்பகலுக்கும் இடையில் யாராவது கயிறும் வாளியுமாக வந்து ஊறிய நீரைக் களவாடிவிடுவார்கள் என்ற சந்தேகம் இரு தெருவுக்கும் இருந்தது. ஆகவே தகரத் தகடுகளைத் தைத்து ஒரு மூடி செய்வித்தார். காலை இறைப்பு முடிந்ததும் அதைக் கிணற்று வாய்மேல் போட்டுச் சங்கிலியால் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டார். இனி ஒருவரும் மற்றவரைச் சந்தேகிக்க வேண்டாம் என்றார். எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தண்ணீரைப் பற்றியே எல்லோரும் யோசித்தார்கள். மூடியின் கீழே தண்ணீரோடு வேறு எது தங்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

மூடி போட்ட முதல் நாள் அது. உச்சிவெயிலில் கோவிந்தராஜ் வந்து பூட்டைத் திறந்தார். வேம்புலியும் அவன் தம்பி கன்னியப்பனும் தகரத்தை இழுத்துத் தள்ளினார்கள். கன்னியப்பன் அம்பத்தூரில் பட்டறை ஒன்றில் கடைசல் வேலை செய்கிறவன். அன்று அவனுக்கு விடுமுறை. தகரம் விலகியதும் வெதுவெதுப்பான ஓர் எண்ணெய் வாசனை சுசீலாவின் முகத்தில் மோதி அகன்றது. எஞ்சின் இருக்கும் கிணற்றில் எண்ணெய் வாசனை வராமலா இருக்கும் என்று அவள் எண்ணினாள். விளக்கை ஏற்றி, கண்ணாடியை மூடி, கயிற்றைக் கைமாற்றி மாற்றி இறக்கினாள். பலகைக்குப் பக்கத்தில் விளக்கு நின்றது. சுடர் அசையாமல், நிமிர்ந்து, மஞ்சளாக எரிந்தது. வழக்கத்தைவிட அதிக நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போதுமா? இல்ல, அதுக்குக் கற்பூரம் காட்டட்டுமா?” என்றான் வேம்புலி.

அவள் தலையசைத்தாள். அவன் இறங்கினான்.

பலகையில் அவன் கால் பதிந்த ஓசை கேட்டது. குனிந்து சக்கரத்தில் கயிறு சுற்றுவது தெரிந்தது. ஒருமுறை இழுத்தான்; எஞ்சின் கிளம்பவில்லை. மறுபடி சுற்றினான். பிறகு நிமிர்ந்து, எதையோ நினைவுபடுத்திக்கொள்பவன்போல் எஞ்சினின் மேல் ஒரு கையை ஊன்றி நின்றான். அவள் கூப்பிட்டாள். அவன் மேலே பார்க்கவில்லை. மெதுவாக, உட்கார இடம் தேடுகிறவனைப்போல முழங்காலிட்டு, பக்கவாட்டில் சாய்ந்தான். அவன் தலை விளக்கின் ஒளிவட்டத்துக்குள் இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சுசீலாவுக்கு முன்னால் அவள் மாமியார் பொன்னியம்மாதான் கத்தினாள். வரிசை கலைந்து கிணற்றைச் சூழ்ந்தது. வழுக்கி விழுந்து மண்டையில் அடிபட்டிருக்கும் என்று ஒருவர் சொன்னார். வெயிலில் வெறும் வயிற்றோடு இறங்கியதால் மயக்கம் என்று இன்னொருவர் சொன்னார். கன்னியப்பன் ஏற்கெனவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“வெளக்கு எரியுதா அண்ணி?”

“எரியுது.”

அவன் படிக்கற்களில் வேகமாக இறங்கினான். பலகைக்கு மேலே, சுவர் சற்று அகன்று திட்டாக நின்ற இடம்வரை அவன் போனான். அங்கே நின்று அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். இரண்டாம் முறை கூப்பிட்டபோது குரல் குழறியது. திட்டின் மேலேயே கால்கள் மடிந்து உட்கார்ந்தான். பின் முகம் சுவரில் உரசச் சரிந்தான்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எஞ்சின் புகைக்கு உள்ளே மறைந்து நிற்கும் நஞ்சு நெருப்பை அணைக்காமலே மனிதனைக் கொல்லும் என்பது அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது. சுசீலாவுக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது கண்ணால் கண்டது மட்டுமே: நல்ல காற்று என்று சொல்லும் சுடருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் அசைவற்றுக் கிடக்கிறார்கள். அந்தச் சுடர் அவளிடம் பொய் சொல்கிறது. அல்லது சுடர் சொல்வதை இத்தனை நாளும் அவர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். இத்தனை நாள் அவள் இறக்கிய ஒவ்வொரு விளக்கும் ஒரு நொடியில் அவளுக்கு அந்நியமாகியது.

அதற்குள் ஜேம்ஸ் சட்டையைக் கழற்றிவிட்டான். எதிர்வீட்டுக்காரன், வேம்புலியோடு சேர்ந்து உத்தரம் செருகியவன். அவன் மனைவி ஸ்டெல்லா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பின்னால் மேலண்டைத் தெருவைச் சேர்ந்த இரண்டு பேர் தயாராக நின்றார்கள். அவர்கள் கோழைகள் அல்லர் என்பதுதான் அந்த நொடியின் பயங்கரம்.

“எரியுதில்லக்கா? அப்ப காத்து நல்லாத்தான் கீது. ரெண்டு பேரும் வழுக்கித்தான் உயுந்துட்டாங்க. நான் போறேன்,” என்றான் ஜேம்ஸ்.

வேண்டாம் என்று சொல்ல அவளிடம் காரணம் இருக்கவில்லை. சொன்னால் யார் கேட்பார்கள்? புருஷன் கிடக்கும் பயத்தில் பிதற்றுகிறாள் என்று அவளை விலக்கிவிட்டு இறங்குவார்கள். விளக்கு எரியும்வரை ஒருவர் பின் ஒருவராக இறங்கிக்கொண்டே இருப்பார்கள். அதே நேரம் இன்னொரு எண்ணம் அவளை அறைந்தது: உண்மையிலேயே அவர்கள் வழுக்கித்தான் விழுந்திருந்தால்? இந்த நொடியில் இறங்கும் ஜேம்ஸ் வேம்புலியை உயிரோடு தூக்கிவர முடியும் என்றால்? அவனைத் தடுக்கும் கை வேம்புலியைக் கொல்லும் கை.

அவள் பிடியைத் தளர்த்தினாள். பிற்பாடு, கயிறு நழுவிவிட்டது என்று அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்ததுண்டு. கயிறு நழுவவில்லை. அவள் விட்டாள். விளக்கு பலகையைத் தாண்டிக் கீழே இறங்கி நீரைத் தொட்டது, ஒரு சிறு சீறல், கிணறு இருண்டது. அவள் கயிற்றின் நுனியைக் கப்பி மரத்தில் சுற்றிவிட்டு நிமிர்ந்தாள். பொன்னியம்மா அவளுக்கு மிக அருகில் நின்றிருந்தாள். அந்த முகத்தை ஏறிட்டுப் பார்க்கும் துணிவு சுசீலாவுக்கு இல்லை.

“அணஞ்சிட்ச்சி,” என்றாள் அவள். “வெளக்கு அணஞ்சிட்ச்சி. யாரும் எறங்காதீங்க.”

ஜேம்ஸ் விளிம்பிலிருந்து காலை இழுத்துக்கொண்டான். சுற்றி நின்றவர்களெல்லாம் ஓரடி பின்வாங்கினார்கள். ஒரு சொல் அத்தனை பேரையும் நகர்த்தியது. கெட்ட காற்று என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். வேப்பங்கிளைகளை வெட்டிவந்து கட்டாகக் கட்டி, கயிற்றில் இறக்கி, மேலும் கீழுமாக வேகமாக இழுத்தடித்தார்கள். காற்றை இடித்துக் கலைக்கத் தண்ணீர் ஊற்று என்று யாரோ கூவினார்கள். பெண்கள் வீடுகளுக்கு ஓடினார்கள். காலையில் அடித்துப் பிடித்து வாங்கிய நீரை, குழந்தைக்கென்று மூடி வைத்த நீரை, குடம் குடமாகக் கொண்டுவந்து கிணற்றுக்குள் கொட்டினார்கள். தலையில் கட்டுப் போட்டிருந்த மேலண்டைத் தெருப் பெண்ணும் தன் குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

சுசீலா எதுவும் செய்யாமல் நின்றாள். ஒவ்வொரு குடமும் விழும் ஓசை அவளுக்கு ஒரு மூச்சாகக் கேட்டது. தன் கணவனுக்கு இன்னும் எத்தனை மூச்சு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவற்றைத் தான் செலவழித்துக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் தெரிந்தது.

கடைசியில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஜேம்ஸ் இறங்கினான். இம்முறை அவனைத் தடுக்க முடியவில்லை. அவன் தள்ளாடியபோது மேலே இழுத்து, மூச்சு வாங்கவிட்டு, மறுபடி இறக்கினார்கள். முதலில் கன்னியப்பன் வந்தான். தரையில் கிடத்தியதும் அவன் வாந்தியெடுத்தான். அந்த அருவருப்பான ஓசையைக் கேட்டுப் பொன்னியம்மா நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்தாள். பிறகு வேம்புலி வந்தான். அவன் உதடுகள் வெற்றிலை போட்டவை போலச் சிவந்திருந்தன. அந்த நிறத்தைப் பார்த்து, ரத்தம் ஓடுகிறது, உயிர் இருக்கிறது என்று பலர் சொன்னார்கள். சுசீலா மட்டும் அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். வாடகைக் காரில் ஏற்றிப் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வேம்புலி இறந்து நேரமாகிவிட்டது என்றார் டாக்டர். எவ்வளவு நேரம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடும் என்று பயந்தாள்.

போலீஸ்காரர்கள் வந்து விசாரித்துவிட்டு, விஷவாயு என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஊரும் அதையே சொன்னது. ஊற்றோடு சேர்ந்து பூமிக்கடியிலிருந்து விஷவாயு கிளம்பியிருக்கிறது; வேம்புலி இறங்கிய பிறகு கிளம்பியதால் விளக்கால் அவனுக்கு முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை; ஆனால் வாயு விளக்கு மட்டத்துக்கு ஏறியதும் அது சட்டென்று அணைந்து ஜேம்ஸைக் காப்பாற்றிவிட்டது. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரும் இதைச் சொன்னார்கள். ஸ்டெல்லா வந்து சுசீலாவின் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நீ கண்கொட்டாமல் பார்த்துச் சொன்னதால்தான் என் தாலி தப்பியது என்று அழுதாள். சுசீலா கைகளை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள். ஸ்டெல்லா விடவில்லை.

கன்னியப்பன் வீடு திரும்பியும் எழுந்து நடக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தலைவலி விடவில்லை. கிணற்றுக்குள் நடந்தது எதுவும் அவன் நினைவில் இல்லை. பொன்னியம்மா அவனுக்குக் கஞ்சி கொடுத்தாள், மருமகளுக்கும் கொடுத்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. சுசீலா அந்த மௌனத்துக்குப் பயந்தாள். பார்த்தாளா, பார்க்கவில்லையா? பார்த்திருந்தால் ஏன் கேட்கவில்லை?

சில நாள் லாரியில் தண்ணீர் வந்தது, பிறகு நின்றது. ஜேம்ஸைப் பம்பு ஆளாக வைத்திருப்பதாகச் செய்தி வந்தது. கருமாதி முடியும்வரை சுசீலா வாசலைத் தாண்டக் கூடாது. வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு காதால் எல்லாவற்றையும் பின்தொடர்ந்தாள். ஒருநாள் விடிந்ததும் எஞ்சின் இரையும் ஓசை கேட்டது. இத்தனை நாள் திறந்தே கிடந்த கிணறு. ஜேம்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழாயடியில் பெண்களின் பேச்சு கேட்டது. பிறகு எஞ்சின் நின்றது. அதற்குப் பின் தகரம் கல்லில் உரசும் ஓசையும், சங்கிலி குலுங்கும் ஓசையும்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

காலை இறைப்பு, மூடி, பூட்டு, நண்பகல் இறைப்பு. அன்று நடந்த அதே வரிசை. மூடி திறந்ததும் முகத்தில் மோதிய அந்த எண்ணெய் வாசனை இப்போது அவள் நாசியில் திரும்பி வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஸ்டெல்லா விளக்கை இறக்குவாள். சுடர் நிமிர்ந்து நிற்கும். அந்த விளக்கை இனி யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். ஒருமுறை அணைந்து உயிர் காத்த விளக்கு அது. அந்த நம்பிக்கையை அவர்களுக்குக் கொடுத்தவள் அவளே. ஜேம்ஸைக் காப்பாற்றிய அதே சொல் அவனைக் கிணற்றுக்குள் தள்ளக் காத்திருந்தது.

ஜேம்ஸை இறங்கவேண்டாம் என்று சொல்லி அனுப்பலாம். தாலி இழந்தவள் மனம் பேதலித்துச் சொல்கிறாள் என்பார்கள். வாசனை அடிக்கிறது என்று சொல்லலாம். எஞ்சின் என்றால் வாசனை அடிக்கும் என்பார்கள். அவளே அப்படித்தான் எண்ணினாள். விளக்கின் சொல்லைப் பொய்யாக்கும் சாட்சி, அன்று அவள் செய்ததைத் தவிர, வேறொன்றும் இல்லை. உண்மையைச் சொன்னாலோ, அடுத்த நொடி ஊர் கேட்கப்போகும் கேள்வியும் அவளுக்குத் தெரியும். ஒவ்வோர் இரவும் அவள் தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி அது. இனி அதை ஐம்பது வாய் கேட்கும், அவள் சாகும்வரை கேட்கும். கன்னியப்பனும் ஒருநாள் கேட்பான். அந்த வீட்டில் அவளுக்கு இடம் இருக்குமா என்பதும் தெரியவில்லை. பிறந்த வீடு என்று திருநின்றவூரில் ஓர் அண்ணன் மட்டும் இருந்தான். அவன் மனைவி அவளை ஒருநாள்கூடத் தங்கவிட்டதில்லை.

வெயில் உச்சிக்கு வந்தது. தகரம் மறுபடி கல்லில் உரசியது.

அவள் வாசலைத் தாண்டினாள். பின்னாலிருந்து பொன்னியம்மா கூப்பிட்ட குரல் காதில் விழுந்தும் நிற்கவில்லை. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் அவளைக் கண்டு முகத்தைத் திருப்பி விலகினார்கள். கிணற்றைச் சுற்றிக் குடங்கள் இருந்தன. ஸ்டெல்லா விளிம்பில் குனிந்து, இரு கைகளாலும் கயிற்றைப் பிடித்து, மூச்சையும் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முதுகைத் தானே பின்னாலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது சுசீலாவுக்கு. ஸ்டெல்லா நிமிர்ந்து கணவனைப் பார்த்துப் புன்னகை செய்தாள். ஜேம்ஸ் முதல் படியில் காலை வைத்தான்.

“எறங்காதே ஜேம்சு.”

எல்லோரும் திரும்பினார்கள். கோவிந்தராஜ் இரண்டடி முன்னால் வந்து, இந்த நிலையில் அவள் வெளியே வந்திருக்கக் கூடாது என்று தணிந்த குரலில் சொல்லத் தொடங்கினார். ஜேம்ஸ் காலை எடுக்காமல் நின்றான்.

“வெளக்கு எரியுதுக்கா. நல்லா எரியுது, நீயே பாரு.”

“அன்னிக்கும் எரிஞ்சுது.” அவள் கிணற்றை நெருங்கி வந்தாள். “அவரு உயுந்தப்பவும் எரிஞ்சுது. கன்னியப்பன் உயுந்தப்பவும் எரிஞ்சுகினுதான் இருந்துச்சு. அது அணையல ஜேம்சு. நான் கயித்த உட்டு அத்த தண்ணில முக்கினேன். நீ எறங்கக் கூடாதுன்னு முக்கினேன்.”

பிறகு கூட்டத்தின் பின்புறத்திலிருந்து, யாருடையது என்று தெரியாத ஒரு குரல் வந்தது. அதில் கோபம்கூட இல்லை.

“அந்நேரமே ஜேம்சு எறங்கியிருந்தா வேம்புலி பொயச்சிருப்பானோ இன்னாவோ.”

வந்துவிட்டது. அவள் எதிர்பார்த்த அதே சொற்கள். எதிர்பார்த்திருந்தும் கிணற்று விளிம்பைப் பற்றிக்கொண்டாள். கூட்டம் அவளைப் பார்த்த பார்வை மாறுவதை, அந்தப் பார்வை இனி எந்நாளும் பழையபடி மாறாது என்பதை, அவள் உணர்ந்தாள்.

“நானும் பாத்தேன்.”

பொன்னியம்மா வந்து சேர்ந்திருந்தாள். ஓடிவந்ததில் அவளுக்கு இரைத்தது. மருமகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், அவளைத் தொடவில்லை.

“அவ கயித்த உட்டத நானும் பாத்தேன். வாயத் தொறக்கல. ரெண்டு புள்ளையும் உள்ள கெடந்தானுங்க, நான் வாயத் தொறக்கல. கேக்கறவங்க என்னையும் சேத்துக் கேளுங்க.”

சொல்லும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை. அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ளலாமா என்று சுசீலாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

ஜேம்ஸ் படியிலிருந்து காலை எடுத்தான். கோவிந்தராஜ் மூடியின் விளிம்பைப் பிடித்தபடி, கிணற்றையும் தகரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மேலண்டைத் தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு நின்றார்கள். தண்ணீர் அங்கேயே, கீழே, ஊறிக்கொண்டிருந்தது.

ஸ்டெல்லா கயிற்றை மேலே இழுக்கத் தொடங்கினாள். மிக மெதுவாக இழுத்தாள். வேகமாக இழுத்தால் எதுவோ கூடவே வந்துவிடும் என்பதுபோல. விளக்கு விளிம்புக்கு மேலே வந்து வெயிலில் ஆடியது. பட்டப்பகலில் சுடர் நிறமில்லாமல் தெரிந்தது, ஆனாலும் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க ஒருவரும் கை நீட்டவில்லை.